பாதை திரும்பியதா?

சென்னையின் மேற்குப் புறநகரில் குடியிருப்போருக்கு இரயில் வண்டி, சுவர்க் கடிகாரத்தைப் போல வீட்டுப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி ஆகிய ஊர்களில் வண்டியின் ஓசையைக் கேட்டே சோறு வடிக்கும் தாய்மார் உண்டு. பிள்ளைகளை எழுப்பும் தந்தைமாரும் உண்டு. இப்பாதை நேற்று வந்ததன்று. தென்னிந்தியாவின் முதற் பயணிகள் வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது இவ்வழியாகத்தான். பெரம்பூரை அடுத்த பெட்டித் தொழிற்சாலையைப் பண்டித நேரு 1955 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கி வைத்தார். அதன் அருகிலேயே புது ஆவடி சாலையில் 2002 முதல் இரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது. இத்தகைய சூழலில் வளரும் பிள்ளை பொம்மை இரயில் கேட்பதில் வியப்பென்ன?

எங்கள் மகனும் கேட்டான். நாங்கள் சிறுவராயிருந்தபோது மூர் மார்க்கெட்டில் சாவி கொடுத்தால் ஓடும் தகர இரயில் கிடைக்கும். அந்த மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. இன்று அவ்விடத்தில், ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் செல்லும் புறநகர் வண்டிகளின் நிலையம் நிற்கிறது. எங்கள் மகனுக்கு வாய்த்ததோ தகர இரயில் அன்று. இங்கிலாந்திலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர், அங்கே பயன்படுத்தப்பட்ட மின்சார இரயில் ஒன்றையும் ஒரு பெட்டி நிறையத் தண்டவாளங்களையும் கொணர்ந்து தந்தார். தண்டவாளங்களுக்கிடையே அகலம் 16.5 மில்லிமீட்டர். மெய்யான வண்டியின் ஓர் அடி, இங்கே 4 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. இருபத்தொரு மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள நம் பெரம்பூர்ப் பெட்டியை இவ்வளவில் செய்தால் 28 சென்டிமீட்டர்தான் வரும்.

2022ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், எட்டடிக்கு நான்கடி ப்ளைவுட் பலகை ஒன்றில் வேலையைத் தொடங்கினோம். வட்டமாக ஒரு மெயின் லைன், நிலையத்தருகே ஒரு லூப் லைன், சரக்கு வண்டி ஒதுங்க இரு கிளைகள், வண்டி பாதை மாறுவதற்கு நான்கு பாயிண்டுகள். முதலில் அவற்றை விரலால் தள்ளித் திருப்பினோம். ஓராண்டுக்குள் பிள்ளைகளுக்கு அது சலித்தது. மேசையின் ஓரத்திலிருந்து பொத்தானை அழுத்தினால் பாதை தானே திரும்ப வேண்டும் என்றனர். வேலையின் கடினமான பகுதியும் இன்பமான பகுதியும் அங்கேதான் தொடங்கின.

பாயிண்ட் என்பது யாது? கத்தியின் அலகுபோல் நுனி சீவப்பட்ட இரு தண்டவாளத் துண்டுகள் ஒரு குறுக்குச் சட்டத்தால் பிணைக்கப்பட்டிருக்கும். இரயில்வேயார் இவற்றுக்கு நாக்கு என்று பொருள்படும் பெயரை வழங்குவர். சட்டம் ஒரு பக்கம் நகர்ந்தால் ஒரு நாக்கு தன் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். மற்றது விலகி நிற்கும். வண்டி நேரே செல்லும். மறுபக்கம் நகர்ந்தால் வண்டி கிளையில் இறங்கும். மெய்யான பாதையிலும் விளையாட்டுப் பாதையிலும் விதி ஒன்றே. நாக்கு ஒட்டினாற்போல் இருந்தும் ஒட்டாதிருப்பதே யாவற்றிலும் பெரிய ஆபத்து. நடுவில் நிற்கும் நாக்கு சக்கரத்தை இரு பாதைக்கும் சொந்தமின்றிச் செய்து கவிழ்த்துவிடும்.

சிறு பாயிண்டுகளைத் திருப்பும் மோட்டார்களில் நாங்கள் இருவகையைக் கையாண்டோம். முதல்வகை உண்மையில் மோட்டாரே அன்று. இரண்டு கம்பிச்சுருள்களும் அவற்றின் நடுவே ஓர் இரும்புத் தண்டுமே அது. ஒரு சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகித் தண்டைத் தன்பால் இழுக்கும். மற்றதில் பாய்ந்தால் மறுபக்கம் இழுக்கும். ‘டக்’கென்று ஓர் ஓசை, வேலை முடிந்தது. ஆனால் அச்சுருள் இமைப்பொழுது மின்சாரத்தையே தாங்கும். பொத்தான் ஒட்டிக்கொண்டு மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் சுருள் சூடேறிக் கருகும். எங்கள் மேசையிலும் மலிவான பொத்தான் ஒன்று அவ்வாறு ஒட்டிக்கொண்டு, கூடம் முழுவதும் தீய்ந்த வாடையைப் பரப்பிற்று.

அதற்கு மருந்து ரிச்சி தெருவில் கிடைத்தது. ஒரு பெரிய கெப்பாசிட்டர், ஒரு தடையம், ஒரு டையோடு. நம் வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். சிறு குழாய் மெல்ல மெல்ல அதை நிரப்புகிறது. அடைப்பைத் திறந்தால் நீர் முழுவதும் ஒரே வீச்சில் கொட்டுகிறது. பின்பு அடைப்பைத் திறந்தே வைத்தாலும் குழாயின் சிறு கசிவுதான் வரும். கெப்பாசிட்டரும் அவ்வாறே. தடையத்தின் வழியே மெல்ல நிரம்பும். பொத்தானை அழுத்தியதும் சேர்த்ததை எல்லாம் சுருளில் கொட்டும். பாயிண்ட் உறுதியாகத் திரும்பும். பொத்தான் ஒட்டிக்கொண்டாலும் சுருளைக் கருக்கும் அளவுக்கு மின்சாரம் இராது.

இரண்டாம் வகை, மெய்யாகவே சுழலும் மோட்டார். 12 வோல்ட்டில், மிகச் சிறிய மின்னோட்டத்தில், இரண்டு மூன்று விநாடிகள் மெல்ல நகர்ந்து பாயிண்டைத் திருப்பும். திருப்பிய பின்னும் மின்சாரம் நிற்பதில்லை. மோட்டார் நாக்கை அழுத்திப் பிடித்தபடியே இருக்கும். இதனை எதிர்த்திசையில் ஓட்ட, மின்சாரத்தின் நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றினால் போதும். ஆறு முனைகள் கொண்ட ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, அதன் நான்கு மூலைகளையும் பெருக்கல் குறிபோல் குறுக்கே இணைத்துவிட்டால் அம்மாற்றம் ஒரு விரலசைவில் நடக்கும். நம் கண்ணுக்கும் இதுவே அழகு; மெய்யான பாயிண்ட் நகர்வதைப் போலவே நிதானமாக நகர்கிறது.

மற்றுமொரு சிக்கலைச் சொல்லாமல் விடலாகாது. இரு பாதைகள் பிரியுமிடத்தில் ஒரு தண்டவாளம் மற்றொன்றைக் கடக்கும் கூர்மூலைக்கு ஆங்கிலேயர் ‘தவளை’ என்று பெயரிட்டுள்ளனர். குதிரைக் குளம்பின் அடியிலுள்ள ஆப்பு வடிவப் பகுதிக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயர். அந்த ஒப்புமையால் வந்ததென்பர். தண்டவாளத்தின் வழியாகவே எஞ்சினுக்கு மின்சாரம் செல்லும் விளையாட்டு இரயிலில், இத்தவளை ஒரு பாதைக்கு நேர்முனையாகவும் மறுபாதைக்கு எதிர்முனையாகவும் இருக்க வேண்டும். ஆகையால் நாக்கு திரும்பும்போதே தவளையின் மின்முனையும் மாற வேண்டும். மாறாவிடில் மின்சுற்று முட்டிக்கொண்டு வண்டி நின்றுவிடும். மோட்டாரோடு இணைந்த சிறு ஸ்விட்ச் இவ்வேலையைச் செய்கிறது.

இவ்வாறு நான்கு பாயிண்டுகளுக்கு வேலை செய்து முடிக்கையில், மேசையின் மேல் ஊர் அழகாயிருந்தது. மேசையின் அடியிலோ நூறு கம்பிகள் தொங்கின. மேசைக்கு அடியிலிருந்த இவ்வுலகத்தை இழிவாக எண்ணற்க. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் 1946இல் தோன்றிய விளையாட்டு இரயில் மன்றத்தில், பழைய தொலைபேசிக் கருவிகளின் ரிலேக்களைக் கொண்டு மேசைக்கடியில் சுற்றுகளை அமைத்த மாணவர்கள்தாம், பின்னர் அங்கு வந்த முதற் கணினிகளோடு இரவெல்லாம் பழகினர். இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஹேக்கர்’ என்னும் சொல்லுக்கு இன்றைய பொருள் அவர்களிடையேதான் உருவாயிற்று.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில், பச்சை, சிவப்பு விளக்குகளும் வைத்தாயிற்று. மோட்டார் திரும்பியதும் அதனோடு இணைந்த ஸ்விட்ச் பச்சையை எரிய வைக்கும். அதனைக் காண எங்கள் தெருவிலுள்ள பெரியவர் ஒருவரை அழைத்தோம். 35 ஆண்டுகள் இரயில்வே சிக்னல் பகுதியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றே அழைப்பர். மகன் பொத்தானை அழுத்தினான். மோட்டார் நகர்ந்தது. பச்சை எரிந்தது.

“மோட்டார் திரும்பிற்று, தம்பி. பாதை திரும்பிற்றா?” என்று கேட்டார் பெரியவர்.

“பச்சை எரிகிறதே, தாத்தா.”

அவர் மூலையிலிருந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்து, நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையே செருகி, மறுபடியும் பொத்தானை அழுத்தச் சொன்னார். மோட்டார் முழுமையாக நகர்ந்தது. மோட்டாரையும் நாக்கையும் இணைப்பது வில்கம்பி ஆதலால் அது வளைந்து கொடுத்தது. நாக்கோ நடுவழியில் நின்றது. ஆயினும் பச்சை விளக்கு முன்போலவே எரிந்தது. பெட்டி ஒன்றைத் தள்ளச் சொன்னார். அது ஒரு சக்கரத்தை இப்பாதையிலும் மறு சக்கரத்தை அப்பாதையிலும் வைத்துக் குப்புற விழுந்தது.

“உன் விளக்கு மோட்டாரைக் கேட்டுச் சொல்கிறது. நாக்கைக் கேட்டுச் சொல்ல வேண்டும்” என்றார்.

பின்பு, மெய்யான பாயிண்ட் மெஷின் வேலை செய்யும் முறையை விளக்கினார். 110 வோல்ட் மோட்டார் முதலில் பூட்டைத் திறக்கும், பின்பு நாக்குகளை நகர்த்தும், நகர்ந்தபின் பூட்டும். அதன் பின்னரே, இரு நாக்குகளிலிருந்தும் தனித்தனியே வரும் தண்டுகள், ‘நாங்கள் உரிய இடத்தில் இருக்கிறோம்’ என்று கேபினுக்குச் சான்று சொல்லும். அச்சான்று கிட்டாமல் சிக்னல் விழாது. ஊழியர் குறித்த காலந்தோறும் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் துண்டொன்றை நாக்கு நுனியருகே வைத்துச் சோதிப்பர். அத்துண்டு இருக்கையில் பாயிண்ட் பூட்டிக்கொள்ளவும் கூடாது. சான்று வரவும் கூடாது. கையால் திருப்பும் பிடியை அதன் இடத்திலிருந்து எடுத்தாலே மோட்டாரின் மின்சாரம் அறுந்துவிடும்; திருப்புவோர் கையை மோட்டார் இழுத்துவிடலாகாது என்பதற்காக.

எங்கள் மகள் உடனே கணக்குப் போட்டாள். 5 மில்லிமீட்டரை 76ஆல் வகுத்தால், மெல்லிய தாள் ஒன்றின் தடிப்பே மிஞ்சும். “அவ்வளவு நுட்பம் உங்கள் மேசைக்கு வேண்டாம், ஈர்க்கை அறிந்தால் போதும்” என்று சிரித்தார் பெரியவர். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓராண்டு உழைப்பைப் பெயர்த்து மீண்டும் கம்பியிட வேண்டுமா என்பது அவன் மனத்தாங்கல். நூற்றில் ஒருமுறை நடப்பதற்காக இத்தனை பாடா என்று கேட்டான். நாங்கள் இருவரும் அவனை வற்புறுத்தவில்லை. வேலை அப்படியே கிடந்தது.

2023 ஜூன் 2ஆம் நாள் மாலை, ஒடிசா மாநிலம் பாலசோர் மாவட்டத்துப் பாகாநாகா பஜார் நிலையத்தில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க முடியாது. ஷாலிமாரிலிருந்து நம் சென்னை சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு மெயின் லைனில் செல்லப் பச்சை காட்டப்பட்டிருந்தது. ஆனால் பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. மணிக்கு ஏறத்தாழ 128 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி, அங்கே நின்ற சரக்கு வண்டியின் மீது மோதிற்று. தடம் புரண்ட பெட்டிகளில் எதிர்ப்பாதையில் வந்த மற்றொரு விரைவு வண்டியும் சிக்கியது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, ஓட்டுநர்மீது குறை காணவில்லை. 2018இல் அந்நிலையத்தின் சிக்னல் சுற்றில் செய்யப்பட்ட மாற்றத்திலும், விபத்துக்கு முன் லெவல் கிராசிங் கேட்டின் மின்தடுப்பை மாற்றும் பணியிலும் நேர்ந்த குறைகளே காரணம் என்று அது கண்டது. கம்பிகளின் முனைகளில் எழுதப்பட்டிருந்த அடையாளங்கள், அவை மெய்யாகச் செய்த வேலையோடு பொருந்தவில்லை. அதனால் லூப் லைனுக்குத் திரும்பியிருந்த பாயிண்ட், மெயின் லைனுக்கு இருப்பதாகக் கேபினுக்குப் பொய்ச்சான்று சென்றது. விளக்கு எரிந்தது, ஆனால் அது நாக்கைக் கேட்டு எரியவில்லை.

அச்செய்தி வந்த நாள்களில் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. திண்ணையிலேயே அமர்ந்திருந்தார். ஒரு வாரம் கழித்து எங்கள் மகன் தானே அவரிடம் சென்று, “தாத்தா, நாக்கிலிருந்து கம்பி எடுப்பது எப்படி?” என்று கேட்டான். நாங்கள் அவனிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

அன்று தொடங்கி ஐந்து மாதங்கள் வேலை நடந்தது. மோட்டாரிலிருந்த விளக்குக் கம்பிகள் கழற்றப்பட்டன. ஒவ்வொரு பாயிண்டிலும், மோட்டாருக்கு எதிர்ப்புறத்தில், நாக்கு இறுதிவரை வந்து அழுத்தினால் மட்டுமே சேரும் சிறு ஸ்விட்ச் ஒன்று பொருத்தப்பட்டது. அந்த ஸ்விட்ச் ஒரு ரிலேயை இயக்கும். ரிலே இயங்கினால் பச்சை எரியும். அதுமட்டுமன்று, பாயிண்டுக்கு முன்னுள்ள இரண்டடித் தண்டவாளத்துக்கும் அப்போதுதான் மின்சாரம் செல்லும். சான்றில்லையேல் விளக்குச் சிவப்பாக நிற்கும், வண்டியும் நிற்கும். ஒரு கம்பி அறுந்தாலும், ரிலேக்கு மின்சாரம் போய்விட்டாலும் சிவப்பே வர வேண்டும் என்பது பெரியவரின் கட்டளை. “பழுது வந்தால் வண்டியை நிறுத்துகிற பக்கமாகவே வர வேண்டும். அதுதான் எங்கள் தொழிலின் வேதம்” என்பார்.

கம்பிகளுக்கு அடையாளமிடும் பொறுப்பை இல்லத் தலைவியும் மகளும் ஏற்றனர். தையல் பெட்டியிலிருந்த நூல்களில், மோட்டாருக்கு நீலம், சான்றுக்கு வெள்ளை, விளக்குக்கு மஞ்சள் என்று நிறம் வகுத்து முனைகளில் சுற்றினர். கம்பியின் இரு நுனிகளிலும் ஒரே எண். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரி. மாற்றம் செய்தால் முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். மாற்றியபின் வேறொருவர், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஈர்க்கு வைத்துச் சோதிக்க வேண்டும். செய்தவரே சோதிக்கலாகாது.

இவ்வழக்கம் புதிதன்று. பாயிண்டும் சிக்னலும் ஒன்றையொன்று பொய்யாக்காதபடி பிணைக்கும் பொறியமைப்புக்கு இங்கிலாந்தின் ஜான் சாக்ஸ்பி காப்புரிமை பெற்றதும் 1856ஆம் ஆண்டே. நம் இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்ட அதே ஆண்டு. எனினும் அது அந்நாட்டில் எங்கும் கட்டாயமாவதற்கு 33 ஆண்டுகள் சென்றன. 1889 ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகருக்கருகே, ஞாயிறு மறைப்பள்ளிச் சிறுவர்களும் பெற்றோரும் உல்லாசப் பயணம் சென்ற வண்டியின் பின்பகுதிப் பெட்டிகள் கழன்று சரிவில் உருண்டு, பின்வந்த வண்டியில் மோதி 80 பேர் மாண்டனர். அது பாயிண்டின் பிழையன்று; ஆயினும் அத்துயருக்குப் பின் அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், பிரேக்குகளோடு இப்பிணைப்பையும் கட்டாயமாக்கிற்று. பாதுகாப்பு விதிகள் பலவற்றின் பின்னே இவ்வாறு யாருடைய குழந்தைகளோ இருக்கின்றனர்.

அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மேசையின் ஒரு மூலையில் குடில் அமைத்து, இரயில் அதனைச் சுற்றி வரச் செய்தோம். பங்கு மக்கள் பலர் குழந்தைகளோடு வந்தனர். கூட்டம் மிகுந்த வேளையில் வண்டி பாயிண்டுக்கு முன்னே நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினான், மோட்டார் ஓசையிட்டது, சிவப்பு மாறவில்லை. “பழுதாகிவிட்டது போலும்” என்று வந்தவர்கள் அனுதாபப்பட்டனர். மகன் குனிந்து பார்த்தான். தீவனத் தொட்டியிலிருந்து உதிர்ந்த வைக்கோல் துரும்பு ஒன்று நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கிடந்தது. அதனை எடுத்து உயர்த்திப் பெரியவரிடம் காட்டினான். “பழுதில்லை. சரியாக வேலை செய்கிறது” என்றான். வந்திருந்தோருக்கு அது விளங்கவில்லை. பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு நாம் ஒரு வேலை சொன்னால், ‘செய்துவிட்டேன்’ என்பர். நாமும் அதோடு அமைகிறோம். மருந்து வாங்கித் தந்தாயிற்று; பாட்டி உட்கொண்டாரா? பணம் அனுப்பியாயிற்று, ஊரில் போய்ச் சேர்ந்ததா? பேசிவிட்டோம், அவர் மனத்தில் பட்டதா? பொத்தானை அழுத்தியதோடு நின்றுவிடாமல் நாக்கு ஒட்டியதா என்று போய்ப் பார்க்கும் பழக்கம், இளமையில் கைவந்தால் அப்பிள்ளை எத்தொழிலுக்குச் சென்றாலும் பிறர் உயிருக்குக் காவலாவான்.

மற்றொன்று. நாம் புறநகர் வண்டியில் பெட்டியசையப் பாதை மாறும்போது, புத்தகத்திலிருந்து தலை நிமிர்வதும் இல்லை. அவ்வசைவு ஒவ்வொன்றின் பின்னும், மார்கழி மழையிலும் சித்திரை வெயிலிலும் இரும்புத் துண்டை வைத்துச் சோதித்துக் கையொப்பமிட்ட ஓர் ஊழியர் இருக்கிறார். அவர் இரவுப் பணி முடிந்து வீடு திரும்பி உறங்கும் பகற்பொழுதில், தெருவில் ஒலிபெருக்கி வைக்காதிருப்பதேனும் நாம் அவருக்குச் செய்யும் கைம்மாறாகட்டும்.